பிடித்து இழுக்காதீர்கள், வெட்டி எடுங்கள்

கேள்வி: போன மாதம்தான் ஸ்கூபா டைவிங் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கினேன். இதுவரை ஏழு முறை கடலுக்குள் இறங்கியிருக்கிறேன். பவளப்பாறைகளில் சிக்கிய குப்பையை அகற்றும் தன்னார்வலர் குழுவில் சேர ஆசை. "நல்லதைவிடக் கெடுதல்தான் அதிகம் செய்வாய்" என்கிறார் கணவர். அவரும் டைவிங் செய்பவர். "குப்பை வந்துகொண்டேதானே இருக்கும், எடுத்து என்ன பயன்?" என்கிறாள் தோழி. நான் போகலாமா?

பதில்: போங்கள். ஆனால் உடனே வேண்டாம்.

முதலில் உங்கள் தோழிக்கு. ஆசிய-பசிபிக் பகுதியில் 159 பவளத்திட்டுகளை ஆராய்ந்து 2018-இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. பிளாஸ்டிக் படாத பவளத்துக்கு நோய் வரும் வாய்ப்பு 4 சதவீதம். பிளாஸ்டிக் படிந்ததற்கு 89 சதவீதம். பிளாஸ்டிக் வெளிச்சத்தை மறைக்கிறது, உராய்ந்து புண்ணாக்குகிறது, அந்தப் புண் வழியாகக் கிருமி நுழைகிறது. நாளைக்கு இன்னொரு பை மிதந்து வரலாம்தான். இன்று ஒரு பவளத்தின் மேலிருந்து நீங்கள் எடுக்கும் பை, அந்தப் பவளத்துக்குப் பெரிய விஷயம்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை. ஏழு டைவ் போதாது. பவளத்தின் உயிருள்ள பகுதி, சுண்ணாம்புக் கூட்டின் மேல் போர்த்திய மெல்லிய தோல் மாதிரி. கை ஊன்றினாலே காயம்படும். உருண்டை வகைப் பவளங்கள் பல, வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளர்கின்றன. உங்கள் கால் துடுப்பு ஒரு முறை தட்டினால் போதும், பல வருஷ வளர்ச்சி உடைந்துவிடும். சும்மா நீந்தும்போது மிதப்பைச் சமமாக வைத்துக்கொள்வது ஒன்று. இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது அசையாமல் நிற்பது வேறு. கவனம் கைக்குப் போனதும் மூச்சு மாறும், உடல் ஏறும் இறங்கும். காற்றும் சீக்கிரம் தீரும். பை நிறைய நிறைய எடை வேறு கூடும்.

அதனால் இப்படிப் பழகுங்கள். வெறும் மணல் தரைக்கு ஒரு மீட்டர் மேலே நின்றுகொண்டு, கயிற்றில் முடிச்சுப் போட்டு அவிழுங்கள். பத்து நிமிஷம் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் அதைச் செய்ய முடிந்தால் நீங்கள் தயார்.

என் முதல் சுத்தப்படுத்தும் டைவில், கிளைப்பவளத்தில் சுற்றியிருந்த தூண்டில் நரம்பைப் பிடித்து இழுத்தேன். நரம்பு வரவில்லை, கிளை வந்தது. கையில் அதை வைத்துக்கொண்டு நின்ற அந்த நிமிஷம் இன்னும் வலிக்கிறது. அப்புறம் ஒரு நாளும் நான் எதையும் இழுத்ததில்லை. நரம்பை இரு பக்கமும் சின்னச் சின்னத் துண்டாக வெட்ட வேண்டும். பவளம் ஏற்கெனவே மூடி வளர்ந்துவிட்ட பகுதியை அப்படியே விட்டுவிட வேண்டும். பாட்டில், டப்பா கிடைத்தால் உள்ளே பாருங்கள்; சின்ன ஆக்டோபஸோ மீனோ குடியிருக்கலாம். மூடிய பீப்பாய், ஊசி, வெடிபொருள் போலத் தெரிவது எதையும் தொடாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு தலைவரிடம் சொன்னால் போதும்.

கனமான வலையைக் காற்றுப் பை கட்டி மேலே அனுப்பும் வேலை, அதற்கென்று பயிற்சி எடுத்தவர்களுக்கு மட்டும். 10 மீட்டர் ஆழத்தில் பைக்குள் விட்ட காற்று, மேலே வருவதற்குள் இரண்டு மடங்காக விரியும். வேகம் கூடிக்கொண்டே போகும் அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு நீங்களும் மேலே போனால் உயிருக்கே ஆபத்து. குப்பையை உங்கள் உடம்போடு கட்டிக்கொள்வதும் கூடாது.

பழகி முடிக்கும்வரை படகில் உங்களுக்கு வேலை இருக்கிறது. மேலே வரும் வலையில் நண்டு இருந்தால் விடுவித்துக் கடலில் விடுங்கள். குப்பையை வகை பிரித்து, எண்ணி, எடை போட்டு எழுதுங்கள். 2011 முதல் நடக்கும் 'டைவ் அகெய்ன்ஸ்ட் டெப்ரி' என்ற கடலடிக் குப்பைக் கணக்கெடுப்புத் திட்டத்துக்கு டைவர்கள் அனுப்பும் கணக்கு இதுதான். எந்தக் குப்பை அதிகம் என்று தெரிந்தால்தான் அது எங்கிருந்து வருகிறது என்று தேட முடியும். வந்துகொண்டேதானே இருக்கும் என்ற உங்கள் தோழியின் கவலைக்கு இந்த நோட்டுதான் மருந்து; முடிந்தால் அவரையும் படகுக்குக் கூட்டி வாருங்கள்.

குழுவில் பெயர் கொடுக்கும் முன் தலைவரிடம் ஒன்று கேளுங்கள்: "எதையெல்லாம் எடுக்காமல் விட்டுவிட்டு வருவீர்கள்?" யோசிக்காமல் நாலைந்து பொருளைச் சொன்னால் அங்கேயே சேருங்கள். "எல்லாவற்றையும் எடுத்துவிடுவோம்" என்றால் வேறு குழு பாருங்கள்.