டிவில என்னத்த பாக்க? – அண்ணாச்சி பதில்கள்

போன இதழ்ல "டிவில பாக்குற மாதிரி ஒண்ணுமில்லயே அண்ணாச்சி"ன்னு ஒரு வாசகி ஒரே ஒரு வரி எழுதியிருந்தாங்க. அதப் போட்டதுல இருந்து தபாலும் வாட்ஸ்அப்பும் டிவி கேள்வியாத்தான் வருது. எல்லாத்தையும் போட எடம் பத்தாது, கொஞ்சம் எடுத்துப் போட்டிருக்கேன். பேரு வேண்டாம்னு நெறைய பேரு கேட்டதால ஊர் மட்டும்.

ரிட்டயர்டு வாத்தியார் நான். வீட்டுல முன்னூறு சேனலுக்கு மேல வருது. ராத்திரி சாப்பிட்டு உக்காந்தா ரிமோட்ட அமுக்கிக்கிட்டே இருக்கேன், ஒண்ணுலயும் அஞ்சு நிமிஷம் நிக்க முடியல. கடைசில ஒண்ணும் பாக்காமலே தூக்கம் வந்துருது. நெஜமாவே ஒண்ணும் இல்லியா, இல்ல எனக்கு வயசாயிட்டா? – பாளையங்கோட்டை வாசகர்

வயசெல்லாம் இல்ல சார், காலேஜ் படிக்குற பையனும் இதேதான் சொல்லுதான். நீங்க சேனலத் தேடுதிய, நிகழ்ச்சியத் தேடல, விசயம் அங்கதான் இருக்கு. ராத்திரி எட்டு மணிக்கு எல்லாச் சேனலும் எது போட்டா கூட்டம் சேருமோ அதத்தான் போடுவாங்க, சீரியல், விவாதம், ஏற்கனவே பல தடவ போட்ட படம். அதுபோக கேபிள் டிவி விதிப்படி ஒரு மணி நேரத்துல 12 நிமிஷம் வரைக்கும் விளம்பரம் போடலாம், அந்த 12 நிமிஷத்தையும் கூட்டம் இருக்குற நேரத்துலதான போடுவாங்க. அதனால நீங்க மாத்திக்கிட்டே போகும்போது பல எடத்துல விளம்பரத்துலதான் போயி நிக்கிய, அத வேண்டாம்னு அடுத்ததுக்குப் போனா அங்கயும் விளம்பரம், இப்பிடியே முக்கா மணி நேரம் போயிரும், மனசுல ஒண்ணும் நிக்காது.

உங்க ரிமோட்ல கைடுன்னு ஒரு பட்டன் இருக்கும், அத அமுக்கினா அடுத்தடுத்த நாள் எந்த நேரத்துல என்ன வருதுன்னு வரிசையா காட்டும். ஞாயித்துக்கெழம காலைல காப்பி குடிச்சிட்டு பேப்பர் பேனாவோட அதுக்கு முன்னாடி உக்காருங்க. பாட்டு, நாட்டியம், இலக்கியம்னு டிடி பாரதில வரும், அது கலைக்குன்னே வச்சிருக்குற சேனல், சேனல் நம்பர் எங்கயோ பின்னால கெடக்குறதால யாரும் அந்தப் பக்கம் போறதே இல்ல. வரலாறு, அறிவியல்னா அதுக்கு தனி வரிசை இருக்கு. வாரத்துக்கு மூணோ நாலோ குறிச்சு வச்சா போதும், பாக்ஸ்லயே ரிமைண்டர் போட்டு விட்டுட்டா அந்த நேரத்துக்கு அதுவே ஞாபகப்படுத்தும். நல்லதெல்லாம் பெரும்பாலும் காலைலயும் மத்தியானமும் ராத்திரி பத்துக்கு மேலயும்தான் வருது, உங்களுக்கு பென்ஷன் வாழ்க்க, அந்த நேரம் உங்க கையில இருக்கு. குறிச்சத பாத்து முடிச்சதும் ஆஃப் பண்ணிருங்க, "வேற என்ன போகுது"ன்னு ஒரு தடவ கூட பாக்காதீங்க, இது ரொம்ப முக்கியம்.

நான் பீடி சுத்துறவ அண்ணாச்சி. காலைல இருந்து சொளவு மடியிலதான். கண்ணு இலையிலயும் நூல்லயும் இருக்கும், டிவி பாட்டுக்கு ஓடும், காதாலதான் கேட்டுக்கிடுவேன். எல்லாத்துலயும் அழுக, சண்ட, டும்டும்னு மியூசிக்கு, சாயங்காலமானா தலவலி. கேக்குறதுக்கு நல்லதா ஏதாச்சும் சொல்லுங்க. – முக்கூடல் வாசகி

தங்கச்சி, இந்தக் கேள்விய யாரும் கேக்க மாட்டாங்களான்னுதான் நெனச்சிக்கிட்டு இருந்தேன். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம்னு எத்தன வீட்டுல பொம்பளைங்க தலையக் குனிஞ்சு கைவேல செஞ்சுக்கிட்டே டிவி "கேக்குதாங்க", டிவிக்காரங்க இவங்கள மனசுல வச்சு ஒரு நிகழ்ச்சி கூட செய்யல. சீரியல்ல பாதி நேரம் பேச்சே கெடையாது, ஒவ்வொரு மூஞ்சியா காட்டி மியூசிக்க ஏத்துவாங்க. திரையப் பாக்குறவங்களுக்கு அதுல கதை இருக்கு, உங்களுக்கு வெறும் சத்தம்தான் வந்து சேருது. தலவலி வராம என்ன செய்யும்.

பேச்ச நம்பி இருக்குறதத்தான் நீங்க தேடணும். மொதல்ல நம்ம மண்ணு சாமான், வில்லுப்பாட்டு. சத்திரம் புதுக்குளத்துல பொறந்த சுப்பு ஆறுமுகம் ஐயா, 2021ல பத்மஸ்ரீ வாங்குனவங்க, அவங்க நிகழ்ச்சி யூடியூப்ல கெடைக்கு, கதையும் பாட்டுமா நேரம் போறதே தெரியாது, கண்ணு வேண்டாம் காது போதும். நம்ம பக்கத்து கோயில் கொடைல பாடுற வில்லுப்பாட்டையும் நெறைய பேரு முழுசா ஏத்தி வச்சிருக்காங்க, சொடலமாடன் கதை, முத்துப்பட்டன் கதைன்னு தமிழ்லயே பேசித் தேடுங்க. அடுத்தது பட்டிமன்றம், சாலமன் பாப்பையா ஐயா நடுவரா இருந்த பழசெல்லாம் இருக்கு. பாட்டுன்னா காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரம் போட்டுப் பாருங்க, உங்க ஊர்ல இருந்து எட்டிப் பாக்குற தூரத்துல பொறந்த மனுசன், 1964லயே போயிட்டாரு, அந்த ராகம் இன்னிக்கும் ஆளப் பிடிச்சு நிறுத்துது. பிரசார் பாரதி ஆர்க்கைவ்ஸ்னு ஒரு யூடியூப் சேனல் இருக்கு, தூர்தர்ஷனும் ஆகாசவாணியும் சேத்து வச்ச பழைய கச்சேரியெல்லாம் அதுல வருது. கதை வாசிக்குற சேனல்களும் இப்ப நெறைய இருக்கு, ஒரு சிறுகதை முடியும்போது பீடியும் ஒரு கணக்கு ஏறியிருக்கும்.

ஃபோன்ல கேக்குறதா இருந்தா குவாலிட்டிய 144க்கு கொறச்சு வச்சிருங்க, படத்த நீங்க பாக்கப் போறதில்ல, டேட்டா மிச்சம். அதுவும் வேண்டாம்னா நம்ம திருநெல்வேலி வானொலி இருக்கவே இருக்கு. டிவிய அணைச்சிட்டு அதப் போட்டா கரண்டும் கொறையும், கண்ணு நிமிந்து நிமிந்து பாக்காது, கையும் ஓடும்.

பொதிகை சேனல காணோமே, நிறுத்திட்டாங்களா? – தென்காசி வாசகர்

நிறுத்தல. 2024 ஜனவரில இருந்து அதுக்குப் பேரு டிடி தமிழ். நம்ம மலையோட பேரு டிவில இருந்து போனதுல எனக்கும் வருத்தம்தான், ஆனா சேனல் நல்லபடியா வந்துக்கிட்டு இருக்கு, பாருங்க.

என் அத்தை சாயங்காலம் ஆறு மணிக்கு டிவி முன்னாடி உக்காந்தா பத்தரைக்குத்தான் எந்திரிப்பாங்க. பையன் பத்தாங்கிளாஸ். பட்டாசல்லதான் டிவி, அங்கதான் படிப்பும். நான் சொன்னா சண்டையாயிரும். – சங்கரன்கோவில் வாசகி

அத்தைகிட்ட டிவிய நிறுத்துங்கன்னு சொல்லாதீங்கம்மா. அந்த நாலரை மணி நேரந்தான் அவங்களுக்கு ஊரு, உறவு, பேச்சுத்தொண எல்லாம். அதுக்குப் பதிலா ஒரு நாள் பக்கத்துல உக்காந்து அவங்க கூட பாருங்க, யாரு நல்லவ யாரு கெட்டவன்னு கேளுங்க, ஆசையா சொல்லுவாங்க. அப்ப பைய கேளுங்க, "இதுல எத விட்டா ஒங்களுக்கு வருத்தமா இருக்கும் அத்தை"ன்னு. ரெண்டு, மிஞ்சிப் போனா மூணு சொல்லுவாங்க. மத்ததெல்லாம் டிவி ஓடுதேன்னு பாக்குறது. அந்த மூணும் அவங்க உரிம, அதுல யாரும் கை வைக்கக்கூடாது, பையன் அந்நேரம் தார்சாவுல உக்காந்து படிக்கட்டும். மிச்ச நேரம் டிவி ஆஃப்.

அத்தைக்கு இன்னொண்ணும் எடுத்துச் சொல்லுங்க. எந்த சீரியலுக்கு எவ்வளவு கூட்டம்னு வாராவாரம் வியாழக்கெழம பார்க்னு ஒரு அமைப்பு கணக்கு வெளியிடுது, நாடு முழுக்க அம்பதாயிரத்துக்கு மேல வீட்டுல மீட்டர் வச்சு எடுக்குற கணக்கு. நம்பர் ஏறினா ஓடுற சண்டைய இன்னும் நீட்டுவாங்க, எறங்கினா புதுசா ஒரு கல்யாணமோ கடத்தலோ வரும். அதனாலதான் கதை ஒரே எடத்துல கெடந்து சுத்துது. நாலு நாள் விட்டுட்டு அஞ்சாவது நாள் பாத்தாலும் புரியும், விட்டதையும் சேனலோட ஆப்ல எப்ப வேணாலும் பாத்துக்கலாம். பரீட்ச முடியுற வரைக்கும் இப்பிடி ஓட்டுங்க. பையனுக்கும் ஒண்ணு, 2019ல இருந்து அரசாங்கம் கல்வி தொலைக்காட்சி நடத்துது, பாடம் யூடியூப்லயும் இருக்கு. கணக்குல எது புரியலயோ அந்தப் பாடத்த மட்டும் எடுத்துப் பாக்கட்டும்.

மாசாமாசம் டிஷ்ஷுக்கு குடுக்குற காசு தண்டமா தோணுது. ஃப்ரீ டிஷ் போடலாமா? – வள்ளியூர் வாசகர்

நீங்க என்ன பாக்குதியன்னு பொறுத்தது. டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாசக் கட்டணம் கெடையாது, டிஷ்ஷும் பாக்ஸும் ஒரு தடவ வாங்குனா சரி. டிடி சேனல் எல்லாம் வரும், இந்தியா ஆடுற முக்கியமான கிரிக்கெட் மேட்ச்ச டிடிக்கும் குடுக்கணும்னு 2007ல சட்டமே போட்டிருக்கு, அதனால அதையும் டிடி ஸ்போர்ட்ஸ்ல பாத்துக்கலாம். ஆனா சீரியல் ஓடுற, காசு கட்டிப் பாக்குற பெரிய பே சேனல் எதையும் அதுல எதிர்பாக்காதீங்க, வீட்டுல கேட்டுட்டு முடிவெடுங்க. மாத்த வேண்டாம்னா டிவி, ஃபோன் கம்பெனிகளக் கண்காணிக்குற டிராய் அமைப்பு 2019ல கொண்டு வந்த விதிப்படி வேணுங்கிற பே சேனல மட்டும் தனித்தனியா எடுத்துக்கலாம், ஆபரேட்டர் போட்டு விட்ட பேக்கத்தான் வச்சிருக்கணும்னு கெடையாது. ஒரு மாசம் வீட்டுல யாரு எதப் பாக்காங்கன்னு கவனிச்சிட்டு மத்தத எடுத்துரச் சொல்லுங்க.

எம்பது வாக்குல நாங்க தென்னமர ஒசரத்துக்கு ஆன்டெனா கட்டி இலங்கை டிவி ரூபவாஹினி பாத்தோம். சிங்களம் ஒரு வார்த்த தெரியாது, ஆனாலும் ஊரே வந்து உக்காரும். அந்த சந்தோசம் இப்ப எங்க போச்சு? – திசையன்விளை வாசகர்

ஐயா, மெட்ராஸ்ல 1975லயே தூர்தர்ஷன் வந்துட்டு, ஆனா அந்த சிக்னல் நம்ம பக்கம் எட்டல. 1982ல ரூபவாஹினி ஆரம்பிச்சதும் மன்னார் வளைகுடாவத் தாண்டி, மறிக்க மலையோ கட்டடமோ இல்லாம கடலுக்கு மேலயே நம்ம கரைக்கு வந்து சேந்துச்சு. காத்து மாறுனா படம் புள்ளி புள்ளியா போகும், ஒருத்தரு மாடில நின்னு கம்பியத் திருப்புவாரு, கீழ இருந்து "வந்துட்டு வந்துட்டு"ன்னு கத்துவாங்க. பொறவு கொடைக்கானல் டவர் வந்துதான் ஒளியும் ஒலியும் நம்ம வீட்டுக்குள்ள வந்துச்சு.

அப்ப வந்ததெல்லாம் ஒசத்தின்னு நான் சொல்ல மாட்டேன். வயலும் வாழ்வும் நிகழ்ச்சியக்கூட வயலே இல்லாதவங்க கண்ணெடுக்காம பாத்தாங்க. நேரம் குறிச்சு காத்துக் கெடந்தோம், கூட ஆள் இருந்துச்சு, முடிஞ்சா அரை மணி நேரம் அதப் பத்தியே பேசுனோம், சந்தோசம் அதுலதான் இருந்துச்சு. இந்த மூணையும் இப்பவும் செய்யலாம் ஐயா. வாரத்துல ஒரு நாள் ஒரு நேரம் வச்சு பக்கத்து வீட்டுக்காரங்களையும் கூப்பிடுங்க. திருச்செந்தூர் சூரசம்ஹாரம் நேரடியா போடும்போது இப்பவும் நாலு வீட்டு ஆளு ஒரே வீட்டுல கூடுதாங்கள்லா, அத ஒரு சினிமாவுக்கும் ஒரு மேட்ச்சுக்கும் செய்யுங்க.

பிள்ளைங்களுக்கு கார்ட்டூன விட்டா வேற தெரியல. மிருகம், காடு பத்தி காட்டலாம்னா எல்லாம் இங்கிலீஷ்ல ஓடுது. – அம்பாசமுத்திரம் வாசகி

இங்கிலீஷ்ல ஓடினா ரிமோட்ல லாங்குவேஜ் இல்லன்னா ஆடியோன்னு இருக்குற பட்டன அமுக்குங்கம்மா. நேஷனல் ஜியாகிரஃபிக், சோனி பிபிசி எர்த் ரெண்டுலயும் தமிழ் இருக்கு, டிஸ்கவரிக்கு தமிழ்ல தனிச் சேனலே இருக்கு. பல வீட்டுல இந்தப் பட்டன தொட்டதே இல்ல. நெட்ஃபிளிக்ஸ் இருந்தா 2023ல ஆஸ்கார் வாங்குன முதுமலை யானைக்குட்டி டாக்குமெண்டரியக் காட்டுங்க, அதுல யானைக்குட்டிய வளக்குற பொம்மனும் பெள்ளியும் தமிழ்லதான் பேசுதாங்க. உங்க ஊருக்கு அந்தாக்ல களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், சிங்கவால் குரங்கு வாழுற காடு. டிவில ஆப்பிரிக்கா சிங்கத்தப் பாத்துட்டு, லீவுல பாபநாசம், காரையார்னு கூட்டிக்கிட்டுப் போனீங்கன்னா பிள்ளைங்க கேக்குற கேள்வியே வேற மாதிரி இருக்கும்.

வீட்டுக்காரரு தெனமும் ராத்திரி நியூஸ் விவாதம் பாத்துட்டு பிரஷர் ஏறி சத்தம் போடுதாரு. – திருநெல்வேலி டவுன் வாசகி

செய்தி வேற, விவாதம் வேறன்னு அவருக்கு எடுத்துச் சொல்லுங்க. செய்தி அரை மணி நேரத்துல முடிஞ்சிரும், அத மட்டும் பாக்கச் சொல்லுங்க. அரசியல்ல அவ்வளவு ஈடுபாடு இருந்தா சன்சத் டிவில பார்லிமெண்ட்ட நேரடியாவே பாக்கலாம், யாரு என்ன பேசுனாங்கன்னு முழுசா தெரியும். மாத்திரைய ஒழுங்கா போடுதாரான்னும் பாத்துக்கோங்க.

அவுக சவூதில இருக்காக. வெள்ளிக்கெழமதான் லீவு. ரெண்டு பேரும் சேந்து ஏதாவது பாக்கணும்னு ஆச, எதப் பாக்க, எப்பிடிப் பாக்க? – கடையநல்லூர் வாசகி

ரொம்ப நல்ல ஆசம்மா. நீளமா ஓடுற சீரியல எடுக்காதீங்க, ஒரு நாள் அவருக்கு ஓவர்டைம் வந்துட்டா விட்டுப்போயி மனசு கஷ்டமாயிரும். எட்டு எபிசோடுல முடியுற மாதிரி ஒண்ணு எடுங்க. ஜீ5ல 2023ல வந்த அயலி நல்லாருக்கும், டாக்டராகணும்னு ஆசப்படுற ஒரு கிராமத்துப் பிள்ளையோட கதை, வாரத்துக்கு ஒண்ணுன்னு பாத்தா ரெண்டு மாசம் வரும், பாத்து முடிச்சு பேசுறதுக்கும் அதுல நெறைய இருக்கு. ஒரு நாட்டுல இருக்குறது இன்னொரு நாட்டுல காட்டாமப் போகலாம், அதனால மொதல்ல அவரத் தேடிப் பாக்கச் சொல்லுங்க, அங்க இல்லன்னா யூடியூப்ல சேனல்காரங்களே போட்டிருக்குற பழைய தொடர் ஒண்ண எடுத்துக்கலாம். சவூதி நேரம் நமக்கு ரெண்டரை மணி நேரம் பின்னால, நீங்க பிள்ளைங்களத் தூங்கப் போட்டுட்டு ஒம்பதரைக்கு உக்காந்தா அவருக்கு ஏழு மணி. வீடியோ கால்ல படத்தக் காட்டாதீங்க, தெளிவா இருக்காது, அவங்கவங்க தனியா போட்டுக்கிட்டு ஃபோன காதுல வச்சுக்கோங்க. ஒண்ணு ரெண்டு மூணு சொல்லி சேந்து பிளே அமுக்குங்க, எடையில அவரு நெட்டு நின்னா நீங்களும் நிறுத்திட்டு அவரு வர்ற வரைக்கும் இருங்க.