பிள்ளை அழும்போது எனக்குள் ஒன்றுமே அசையவில்லை டாக்டர்

கேள்வி:

எனக்கு வயது 46. சேரன்மகாதேவிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. 19 வருட சர்வீஸ். இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனாலே நெஞ்சு கனக்கிறது. ராத்திரி 3 மணிக்கு முழிப்பு வந்துவிடும், அப்புறம் தூக்கம் கிடையாது. தொண்டை நாலு மாதமாகக் கம்மியே இருக்கிறது. எட்டாம் வகுப்பில் கையில் கலர் கலராகச் சாதிக் கயிறு கட்டிக்கொண்டு வரும் பையன்களுக்கு நடுவே எப்போது என்ன நடக்குமோ என்று ஒரு பயம். போன மாதம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடித்ததைச் சொல்லி அழுதாள். எனக்குள் ஒன்றுமே அசையவில்லை. "சரி, போய் உட்காரு" என்று சொல்லிவிட்டு, மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவைப் போட்டுக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் நான் இப்படி இல்லை. மே லீவில் பத்து நாளில் மனது லேசாகிவிட்டது. ஜூனில் பழையபடி ஆகிவிட்டது. வீட்டுக்காரர், "எல்லா வேலையிலும் இருக்கிறதுதான்" என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த தூக்க மாத்திரையைப் பாதி போட்டுப் பார்த்தேன். நான் கல்லாகிவிட்டேனா? எனக்கு மாத்திரை வேண்டுமா?

பதில்:

டீச்சர், கல்லாகிப் போனவர்கள் இப்படி ஒரு கடிதம் எழுதமாட்டார்கள். அந்தப் பிள்ளை சொன்னது உங்களுக்குள் போகாமல் இருந்திருந்தால் ஒரு மாதம் கழித்து அதை எனக்கு எழுத நினைவும் இருந்திருக்காது. கன்னடியன் கால்வாய் ஓடும் ஊர்ப்பக்கம் இருக்கிறீர்கள், மடை அடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் அளவுக்கு மேல் வந்தால் வயலைக் காப்பாற்ற மடையை அடைத்துவிடுவார்கள். உங்கள் மனதும் அதைத்தான் செய்திருக்கிறது. 19 வருடமாக ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக் கதையும் உங்களுக்குள் வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறது. வெளியே போக வழி இல்லை.

மனதைப் பற்றிப் பேசும் முன் உடம்பைப் பார்த்துவிடுவோம். "டென்ஷன்" என்று பெயர் வைத்த பிறகு உடம்பை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எத்தனையோ பெண்களுக்கு இப்படி நடந்து பார்த்திருக்கிறேன். 46 வயதில் நெஞ்சு கனத்தால் ஒரு தடவை ஈசிஜி எடுத்தே ஆக வேண்டும், அது ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்தாலும் சரி. மாடி ஏறும்போது கனத்தாலோ, வியர்வையோடு வந்தாலோ, இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலோ கடிதம் எழுதிக்கொண்டு இருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, பி12 எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். இரத்தசோகையும் தைராய்டுக் குறைவும் ஆளைச் சோர்ந்துபோக வைக்கும், எரிச்சல்படவும் வைக்கும். மாதவிலக்கு நிற்கப்போகும் காலமும் இதுதான். நடு ராத்திரியில் குப்பென்று வியர்த்து முழிப்பு வருகிறதா என்று கவனியுங்கள்.

தொண்டை விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மினால் காது மூக்கு தொண்டை மருத்துவர் குரல்நாணைப் பார்க்க வேண்டும். நீங்கள் நாலு மாதம் விட்டுவிட்டீர்கள். கத்திக் கத்திப் பாடம் நடத்துகிறவர்களுக்குக் குரல்நாணில் சின்னக் காய்ப்பு விழுவது உண்டு. பெரும்பாலும் குரலுக்கு ஓய்வும் பயிற்சியும் கொடுத்தாலே சரியாகிவிடும், ஆனால் பார்க்காமல் நான் அப்படிச் சொல்லக் கூடாது. கிசுகிசுத்துப் பேசுவதைத் தொண்டைக்கு ஓய்வு என்று நினைக்க வேண்டாம், அதுவும் குரல்நாணுக்குச் சிரமம்தான். வகுப்பை அமைதிப்படுத்தக் கையைத் தட்டுங்கள், மேசையைத் தட்டுங்கள். இன்னொன்றையும் கேட்கிறேன், கூச்சப்படாதீர்கள். பள்ளிக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கும் என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிறீர்களா? நிறைய டீச்சர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள். தொண்டை காய்வதற்கும், மத்தியானத் தலைவலிக்கும், திரும்பத் திரும்ப வரும் நீர்க்கடுப்புக்கும் அது ஒரு காரணம்.

அந்த அக்கா கொடுத்த மாத்திரையை இனிமேல் தொடாதீர்கள். வீட்டுக்கு வீடு கைமாறுகிற தூக்க மாத்திரைகளில் பல, சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடும் ரகம். அப்புறம் அது இல்லாமல் தூக்கமே வராது.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். உங்களுக்கு இருப்பதைப் பணிச்சோர்வு என்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய் வகைப்பாட்டில் இதை விளக்கியபோது, இது நோய் அல்ல, வேலையிடத்தில் தீராமல் தங்கிவிட்ட மன அழுத்தத்தின் விளைவு என்று தெளிவாகச் சொன்னது. அதற்கு மூன்று அடையாளங்கள். சக்தியெல்லாம் வடிந்துபோதல், வேலையிலிருந்து மனம் விலகி நிற்றல், நாம் செய்வதில் பலன் ஒன்றும் இல்லை என்று தோன்றுதல். உங்கள் கடிதத்தில் முதல் இரண்டும் அப்படியே இருக்கின்றன. லீவில் பத்தே நாளில் லேசானேன் என்று எழுதியிருக்கிறீர்கள் இல்லையா, அது எனக்கு ஆறுதல் தந்த வரி. மனச்சோர்வு நோய் லீவு விட்டதும் இப்படி லேசில் விலகாது. ஆனால் இரண்டு வாரம் தொடர்ந்து நாள் முழுக்கத் துக்கமாக இருந்தாலோ, பிடித்த எதிலும் மனம் ஒட்டாமல் போனாலோ, செத்துவிடலாம் என்று ஒரு தடவை தோன்றினாலோ மனநல மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். அப்போது மாத்திரையும் தேவைப்படலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், ராத்திரி 3 மணிக்கும் தமிழில் பேச ஆள் இருக்கிறார்கள். இப்போதைக்கு உங்களுக்கு மனதுக்கென்று மாத்திரை வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

என்ன வேண்டும் என்று கேட்டால், முதலில் உங்களுக்குள் நடப்பதற்கு ஒரு பெயர். என்னிடம் வருகிற எல்லாரும் "டென்ஷனா இருக்கு சார்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். உங்கள் ஆச்சி இருந்தால் இதை என்னவென்று சொல்லியிருப்பார்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். சிலர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "சடவு" என்பார்கள். சிலர் "வெப்ராளம்" என்பார்கள். இரண்டும் ஒன்றல்ல என்று நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். சடவு படுத்து எழுந்தால் தீரும். வெப்ராளம் யாரிடமாவது கொட்டித் தீர்த்தால்தான் அடங்கும். ஆள் எதைச் சொல்கிறார் என்பதை வைத்தே எனக்குப் பாதி வழி தெரிந்துவிடும்.

2007-இல் கலிஃபோர்னியாவில் மேத்யூ லீபர்மன் என்ற உளவியலாளரின் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. கோபமும் பயமும் தெரிகிற முகங்களைக் காட்டி, அந்த உணர்ச்சிக்கு ஒரு சொல் கொடுக்கச் சொன்னார்கள். சொல்லைக் கொடுத்தபோது மூளையில் ஆபத்து மணி அடிக்கும் அமிக்டலா என்ற பகுதி கொஞ்சம் அடங்கியது. அதனால், வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றும் அந்த அரை நிமிடத்தில் மனதுக்குள் ஒரு சொல் சொல்லிப் பாருங்கள். எரிச்சல். பயம். சடவு. அதை மாற்ற முயல வேண்டாம், பெயர் சொன்னால் போதும். கோபம் உங்களுக்கு உடம்பில் எங்கே முதலில் தெரிகிறது என்பதையும் பாருங்கள். சிலருக்குத் தாடை இறுகும், சிலருக்குக் காது சுடும். அது தெரிந்துவிட்டால், பிள்ளை மேல் பாய்வதற்கு முன் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்க நேரம் கிடைக்கும்.

ஆனால் பெயர் வைப்பதோடு இது தீராது. என் கதை ஒன்றைச் சொல்கிறேன். நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் ஒரே வாரத்தில் இரண்டு குழந்தைகள் என் கண் முன்னே இறந்துபோனார்கள். இரண்டாவது குழந்தையின் அம்மா என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதபோது, மணி என்ன ஆகிறது என்று பார்த்தேன். அந்தப் பார்வையை நான் பல மாதம் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு ஒரு மூத்த மருத்துவர் டீ குடிக்கக் கூட்டிக்கொண்டு போய், "அன்னைக்கு என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லு" என்றார். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் ஒரு யோசனையும் சொல்லவில்லை. நடுநடுவே "ஆமா", "ம்", அவ்வளவுதான். மறுநாள் வார்டில் ஒரு குழந்தை அழுதது எனக்குக் கேட்டது. அதற்கு முன்பும் அழுதிருப்பார்கள், எனக்குத்தான் கேட்கவில்லை.

அவர் செய்தது என்னவென்று பின்னாளில்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1950-களில் லண்டனில் மைக்கேல் பாலிண்ட் என்ற மனநல மருத்துவர், குடும்ப மருத்துவர்களைச் சின்னக் குழுவாக வாராவாரம் உட்காரவைத்தார். ஒருவர் தன் மனதை உறுத்தும் ஒரு நோயாளியைப் பற்றி, குறிப்பேடு எதையும் பார்க்காமல், கதையாகச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேட்க வேண்டும். சிகிச்சை சரியா தப்பா என்ற விசாரணை கிடையாது. அந்த நோயாளிக்கும் மருத்துவருக்கும் நடுவே என்ன நடந்தது என்பதுதான் பேச்சு. இன்றும் பல நாடுகளில் இப்படிக் குழுக்கள் கூடுகின்றன.

நமக்கு இது புதிது இல்லை டீச்சர். கோயில் கொடையில் வில்லுப்பாட்டு பார்த்திருப்பீர்களே? புலவர் ஒரு வரி சொல்வார். பக்கத்தில் இருப்பவர் "ஆமா" என்பார். அந்த "ஆமா" இல்லாமல் கதை அடுத்த வரிக்கு நகராது. அவர் கதையைத் திருத்துவதில்லை, நீ இப்படிச் செய்திருக்கலாமே என்று கதையில் வரும் இசக்கிக்கு அறிவுரை சொல்வதில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல் என்கிறார். உங்களுக்கு 19 வருடமாக அந்த "ஆமா" கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன். பிள்ளைகளுக்கு நீங்கள் "ஆமா" சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள், உங்களுக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை.

எனவே நான் எழுதித் தரும் மருந்து இது. நம்பிக்கையான நாலைந்து டீச்சர்கள், பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம். பள்ளிக்கு வெளியே, யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில். ஒரு நாளைக்கு ஒருவர்தான் சொல்ல வேண்டும், ஒரே ஒரு பிள்ளையைப் பற்றி, ஒரே ஒரு சம்பவத்தை. பிள்ளையின் பெயரும் சாதியும் தெருவும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் ஒரு வரிகூடப் போகக் கூடாது. மற்றவர்கள் "நானா இருந்தா" என்று ஆரம்பிக்கக் கூடாது, இது ரொம்பக் கஷ்டம், ஏனென்றால் ஆசிரியர்களுக்குத் திருத்தாமல் இருக்க வராது. முடிந்ததும் கேட்க வேண்டியது ஒரே கேள்வி. "அப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டியபின், இந்த மாவட்டத்தில் வகுப்புக்குள் போகும் பலர் உங்கள் கயிற்றுப் பயத்தைச் சுமக்கிறார்கள். அதை ஒருவரோடு ஒருவர் பேசாமலே சுமக்கிறார்கள். உங்கள் குழுவில் முதல் கதையாக அதுவே இருக்கலாம்.

ஆள் கிடைக்கும்வரை எழுதுங்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் தொடங்கிய முறை எளிமையானது. தொடர்ந்து நாலு நாள், தினம் 15 நிமிடம், மனதை உறுத்தும் ஒன்றைப் பிழை பார்க்காமல் எழுதுவது. எழுதி முடித்ததும் கிழித்துப் போட்டுவிடலாம். முதல் நாள் மனது கனக்கும். நாலு நாளும் கனம் கூடிக்கொண்டே போனால் நிறுத்திவிட்டு என்னிடம் வாருங்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை. சார், அவர்கள் சொல்வதற்கு நீங்கள் தீர்வு கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சாயங்காலம் பத்து நிமிடம் டிவியை அணைத்துவிட்டு "ஆமா" சொல்லுங்கள்.

இதையெல்லாம் செய்தாலும் எமிஸ் பதிவும், வாக்காளர் பட்டியல் வேலையும், ஒரே ஆள் இரண்டு வகுப்பைப் பார்ப்பதும் குறையப்போவதில்லை. அந்தப் பாரம் உங்கள் குறை இல்லை, அதை நீங்கள் மூச்சுப் பயிற்சியால் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தலைமையாசிரியரிடமும் சங்கத்திலும் அதைச் சொல்லிக்கொண்டே இருங்கள், தனியாகச் சொல்லாமல் நாலு பேராகச் சேர்ந்து சொல்லுங்கள்.

கடைசியாக அந்தப் பிள்ளை. ஒரு மாதம் ஆகிவிட்டதே என்று தயங்காதீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தனியாகக் கூப்பிட்டு, "அன்னைக்கு நீ சொன்னப்ப டீச்சருக்கு உடம்பு முடியல மக்கா. இப்போ சொல்லு, கேக்கேன்" என்று சொல்லுங்கள். அவள் அழுதால் நீங்களும் சேர்ந்து அழவேண்டும் என்று இல்லை. அவள் அப்பாவைத் திருத்துவது உங்கள் வேலையும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகக் கேளுங்கள். அவளுக்கும் அடி விழுகிறது, அல்லது வீட்டில் இருக்கப் பயமாக இருக்கிறது என்று தெரிந்தால் அன்றைக்கே 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அம்மாவுக்கு 181 என்ற பெண்கள் உதவி எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்ப வேண்டாம், அது அப்பா கையில் கிடைக்கலாம். அம்மா பள்ளிக்கு வரும்போது நேரில் சொல்லுங்கள்.

ஈசிஜியும் இரத்தப் பரிசோதனையும் இந்த வாரமே. தொண்டையைப் பார்த்தவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அந்தப் பிள்ளை என்ன சொன்னாள் என்பதையும்.