ஏற்காட்டுக்கு ஒரு நாள்: கேட்டவர்களுக்குப் பதில்

சேலத்தில் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறேன். ஏற்காட்டுக்குச் சொந்தக் காரில் ஒரே நாளில் போய் வர நினைப்பவர்கள் சாலை, நேரம், நிறுத்தம் பற்றி எதுவும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் பதில்களும் கீழே, கேட்டவர்களை ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன். ரூம் வாடகை, ரிசார்ட் எல்லாம் என்னைக் கேட்க வேண்டாம், அது என் தொழில் இல்லை.

ஓசூர்: அண்ணா, குடும்பத்தோடு வருகிறோம். காலையில் ஏறி மாலையில் இறங்கிவிட வேண்டும். எங்கெங்கே நிற்கலாம்?

காலை ஆறு மணிக்கு அஸ்தம்பட்டியைத் தாண்டிவிடுங்கள். கோரிமேடு, அடிவாரம், அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவு. சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான், ஆனால் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல், டயர் காற்று எல்லாம் கீழேயே பார்த்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் போனால் ஏரிக்கரையில் வண்டி நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும்.

மேலே போனதும் எல்லோரும் ஏரியில்தான் இறங்குவார்கள். நீங்கள் அதை விட்டுவிட்டு நேராகச் சேர்வராயன் கோயிலுக்குப் போங்கள். மலையிலேயே உயரமான இடம் அதுதான், 1,623 மீட்டர். உச்சி என்றால் கூராக இருக்கும் என்று நினைத்து வருகிறவர்கள் அங்கே போய் விழிப்பார்கள், ஏனென்றால் மேலே பெரிய மைதானம் மாதிரி வெட்டவெளி. கெட்டியான சார்னோகைட் பாறைக்கு மேல், அலுமினியம் எடுக்கிற பாக்சைட் மண் படிந்த தட்டையான மலை இது. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இந்த மலையிலிருந்தும் பாக்சைட் வெட்டிக்கொண்டு போனார்கள். கோயில் ஒரு குகைக்குள் இருக்கிறது. குனிந்துதான் போக வேண்டும், பெரியவர்கள் தலையைப் பார்த்துக்கொள்ளட்டும். உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். அந்தக் குகை காவிரி வரைக்கும் போகிறது என்று இங்கே நம்புகிறார்கள். மலையாளி என்கிற இந்த மலைப் பழங்குடி மக்களின் சாமி, மே மாதம் திருவிழா. அந்தச் சமயம் போனால் கார் அருகிலேயே போகாது.

அங்கிருந்து லூப் ரோடு. 32 கிலோமீட்டர் சுற்று, மஞ்சக்குட்டை, நாகலூர் பக்கமெல்லாம் போய் மறுபடி ஊருக்குள் வரும். என்னைக் கேட்டால் ஏற்காடு என்பதே இந்த ரோடுதான். இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரம், ஒவ்வொரு மரத்திலும் மிளகுக் கொடி, அடியில் காபிச் செடி. நவம்பரிலிருந்து ஜனவரி வரை பழம் பறிப்பார்கள், வீட்டு வாசல் களத்தில் காபிப்பழம் காய்ந்துகொண்டிருக்கும். காய்கிறபோது லேசாகப் புளித்த வாடை வரும், காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனால் அது தெரியாது. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்து ஒன்பது பத்து நாள் கழித்து வந்தால் காபி பூத்திருக்கும். கிளை முழுக்க வெள்ளை, மல்லிகை மாதிரி மணம். இரண்டு மூன்று நாளில் கருகிவிடும், அதனால் தேதி வைத்து வர முடியாது. மழைச் செய்தியைப் பார்த்துதான் கிளம்ப வேண்டும்.

இந்தச் சுற்றில் இத்தனை நேரம்தான் என்று கணக்குப் போடாதீர்கள். டீக்கடை வந்தால் நிறுத்துங்கள். எஸ்டேட் கேட்டைத் திறந்துகொண்டு மட்டும் உள்ளே போகாதீர்கள், அது ஒருவர் சொத்து. காபி இங்கே 1820களில் வந்தது, அப்போது சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தார். அவருடைய கிரேஞ்ச் எஸ்டேட் இன்னும் இருக்கிறது.

சாப்பாட்டுக்கு ஊருக்குள் வந்து, மதியம் பகோடா பாயிண்ட், நாலு மணி வாக்கில் லேடிஸ் சீட். வானம் தெளிவாக இருந்தால் மேட்டூர் அணைத் தண்ணீர் வரை தெரியும், கீழே சேலம் முழுக்க விரியும். விளக்கு போடுகிற வரை நின்று போட்டோ எடுக்கலாம் என்று ஆசை வரும். வேண்டாம். வெளிச்சம் இருக்கும்போதே இறங்கத் தொடங்குங்கள்.

திருச்சி: இ-பாஸ் எடுக்க வேண்டுமா?

2024 மே 7 முதல் இ-பாஸ் கேட்பது ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும். இதை எழுதுகிற வரை ஏற்காட்டுக்கு இல்லை.

விழுப்புரம்: நாங்கள் அரூர் வழியாக வருகிறோம். குப்பனூர் ரோட்டில் ஏறலாமா? வளைவு குறைவு என்கிறார்களே.

ஏறலாம். அயோத்தியாப்பட்டணம் பக்கம் பிரிகிற ரோடு, கொட்டச்சேடு வழியாகப் போகும். கொண்டை ஊசி குறைவுதான், ஆனால் ரோடு குறுகல், எதிரே பஸ் வந்தால் ஒதுங்க இடம் பார்த்து நிற்க வேண்டும். கூட்டம் குறைவு, வயல், ஊர், தோப்பு என்று பார்த்துக்கொண்டே போகலாம். மே மாதம் கோடை விழா நடக்கும்போது ஒருவழி ஆக்குவார்கள்: அடிவாரம் வழியாக ஏற்றி, குப்பனூர் வழியாக இறக்குவார்கள். அந்த வாரம் போலீஸ் சொல்வதுதான் வழி. மழைக்காலத்தில் எந்த ரோடு என்றாலும் கிளம்புமுன் செய்தி பாருங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது.

கரூர்: பையனுக்கு வளைவில் வாந்தி வரும்.

முன் சீட்டில் உட்கார வையுங்கள், தூரத்து ரோட்டைப் பார்க்கட்டும். கையில் போன் கொடுக்காதீர்கள். இரண்டு இட்லி போதும். மாத்திரை டாக்டரைக் கேட்டு, கிளம்பு முன்பே.

நாமக்கல்: இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் ஆகும் இல்லையா அண்ணா? போன முறை அப்படித்தான் இறங்கினேன், ஒன்றும் ஆகவில்லை.

இது வரும் என்று தெரியும். எப்போதும் வரும்.

கணக்கைப் பாருங்கள். நாலு பேரோடு கார் 1,300 கிலோ என்று வையுங்கள். மேலிருந்து அடிவாரத்துக்கு ஏறக்குறைய 1,000 மீட்டர் இறங்குகிறீர்கள். அந்த எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவருகிற ஆற்றல், 40 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். நியூட்ரலில் விட்டால் அதில் பெரும்பங்கை உங்கள் பிரேக்தான் வாங்க வேண்டும், உள்ளங்கை அளவு நாலைந்து பேட். டிஸ்க் கடுமையாகச் சூடாகும், சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறும். டாட் 3 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்கும். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் பொருள். மாற்றாமல் வருடக்கணக்கில் ஓட்டினால் கொதிநிலை 140 டிகிரிக்கு வந்துவிடும். ஆயில் கொதித்தால் பைப்பில் ஆவிக்குமிழ். நீங்கள் மிதிப்பது அந்தக் குமிழியை நசுக்குவதோடு சரி, பெடல் மெத்தென்று தரை வரை போகும், வண்டி நிற்காது. "ஒன்றும் ஆகவில்லை" என்றால் அன்று ஆயில் கொதிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஏறும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பெரும்பாலும் இரண்டு, சில வளைவில் ஒன்று.

நாமக்கல் (மறுபடி): என் மாமா லாரி டிரைவர். முப்பது வருட அனுபவம். நியூட்ரலில்தான் டீசல் மிச்சம் என்று அவர் சொல்வார்.

கார்புரேட்டர் காலத்துப் பேச்சு நிறைய இன்னும் ஓடுகிறது. இப்போதைய இன்ஜெக்ஷன் வண்டியில் கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை விட்டால், இன்ஜினைச் சக்கரம்தான் சுற்றுகிறது. கம்ப்யூட்டர் அதைப் பார்த்து எரிபொருளை நிறுத்திவிடும், பெட்ரோலானாலும் டீசலானாலும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் நின்றுவிடாமல் இருக்க ஐட்லிங்கில் எரிபொருள் குடித்துக்கொண்டே இருக்கும். ஆக, மிச்சம் கியரில்தான். மாமாவுக்கு என் மரியாதை. அனுபவசாலி லாரிக்காரர்கள் பலர் அடிவாரம் வரை எக்ஸாஸ்ட் பிரேக்கில், அதாவது இன்ஜின் புகையை அடைத்து வேகம் குறைக்கிற பிரேக்கில், இறங்குவதை நான் பக்கத்திலிருந்து பார்க்கிறேன், அந்த உறுமல் கேட்டிருப்பீர்கள்.

அம்மாப்பேட்டை: குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். கியரில் இறக்கினால் கிளட்ச் போய்விடும். பேட் மாற்றுவது மலிவு, கிளட்ச் மாற்றுவது பெருஞ்செலவு. நாமக்கல்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

கிளட்ச் தேய்வது வழுக்கும்போது. பெடலிலிருந்து காலை முழுக்க எடுத்துவிட்டால் அது இறுகப் பிடித்திருக்கும், தேயாது. தேய்கிறது என்றால் உங்கள் இடது கால் பெடல் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. காலைக் கீழே வையுங்கள். கியர் குறைப்பதை வளைவுக்கு முன்பே செய்யுங்கள், வளைவுக்குள் கிளட்ச் மிதித்தால் அந்த நிமிஷம் வண்டி நியூட்ரல் மாதிரிதான்.

அம்மாப்பேட்டை: இன்ஜின் கத்துமே?

கத்தட்டும். மீட்டரில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே முள் இருக்கிற வரை அதற்கு ஒன்றும் ஆகாது. சிவப்புக்குப் போனால் ஒருமுறை அழுத்தமாக பிரேக் போட்டு வேகம் குறைத்து, பிரேக்கை முழுசாக விடுங்கள். மிதித்தபடியே வராதீர்கள்.

பெங்களூரு: ஆட்டோமேட்டிக் காரில் என்ன செய்வது?

டி-யில் விடாதீர்கள். எல், 2, அல்லது மேனுவல் மோட் எது இருக்கிறதோ அதில் போட்டுக் கியரைப் பூட்டுங்கள். வீட்டில் இருக்கும்போதே அது எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள், எட்டாவது வளைவில் தேடக் கூடாது.

கோவை: எலெக்ட்ரிக் கார்?

நல்ல கேள்வி. ரீஜெனை, அதாவது இறங்கும்போது மோட்டாரே வேகத்தைப் பிடித்துப் பேட்டரிக்குச் சார்ஜ் அனுப்புகிற வசதியை, கூட்டி வைத்து இறங்கினால் ஏறும்போது செலவான சார்ஜில் ஒரு பங்கு திரும்பி வரும், பிரேக்குக்கும் வேலை குறைவு. ஆனால் மேலே நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்காதீர்கள். பேட்டரியில் இடம் இல்லாவிட்டால் ரீஜென் வேலை செய்யாது, சுமை முழுக்க பிரேக்குக்குப் போகும். மேலே சார்ஜரில் போட வேண்டியிருந்தால் எண்பதில் எடுத்துவிடுங்கள்.

ஆத்தூர்: ஸ்கூட்டரில் இரண்டு பேர் போகலாமா?

ஏறிவிடும். இறங்குவதுதான் கஷ்டம். கியர் இல்லாத ஸ்கூட்டரில் வேகம் ரொம்பக் குறைந்ததும் உள்ளே கிளட்ச் விட்டுவிடும், இன்ஜின் பிடிப்பே இருக்காது. பின் டிரம் பிரேக்கை மட்டும் அழுத்திக்கொண்டு வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் போடுங்கள், இடையில் இரண்டு முறையாவது நிறுத்தி ஆறவிடுங்கள். கருகல் வாடை வந்தால் உடனே நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். ஹெல்மெட் இருவருக்கும்.

ஈரோடு: வளைவில் எதிரே வண்டி வந்தால் யார் வழிவிடுவது?

இறங்குகிறவர் நிற்க வேண்டும், ஏறுகிறவருக்கு வழி. ஏற்றத்தில் நின்றுவிட்டு மறுபடி எடுப்பது சிரமம். பஸ் வளைவில் முழு ரோட்டையும் எடுக்கும், அது தப்பு இல்லை, அதற்கு வேறு வழி இல்லை. ஹாரன் அடித்து, காத்திருங்கள்.

கடலூர்: கிளியூர் அருவியில் தண்ணீர் இருக்குமா? இ-பாஸ் உண்டா?

ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் கிளியூரில் விழுகிறது. வடகிழக்குப் பருவமழை சமயம் நன்றாக இருக்கும், கோடையில் பாறையைத்தான் பார்க்கலாம். படி செங்குத்து, முட்டி வலி உள்ளவர்கள் மேலேயே நில்லுங்கள். இ-பாஸ் பற்றித் திருச்சிக்காரருக்குச் சொன்ன பதிலே உங்களுக்கும்.

வேலூர்: அருவியில் மே மாதம் தண்ணீர் இருக்குமா?

மேலே பாருங்கள்.

மேச்சேரி: மாலையில் காட்டெருமை ரோட்டில் நின்றது, என்ன செய்வது?

எஸ்டேட் ரோடுகளில் அந்தி நேரத்தில் வரும். தூரத்திலேயே நிறுத்தி ஹை பீமைக் குறையுங்கள், ஹாரன் வேண்டாம். அதுவாகப் போகும். இறங்கி செல்பி எடுக்கிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை. குரங்குக்கும் தீனி போடாதீர்கள், அது அடுத்த காரின் கண்ணாடிக்குள் கை விடும்.

ராசிபுரம்: ஏற்காடு, கொல்லிமலை இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாமா?

கொல்லிமலையில் மட்டும் 70 கொண்டை ஊசி. முடிக்கலாம், ஆனால் எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

சென்னை: கல்யாண போட்டோ ஷூட்டுக்கு டிரோன் பறக்கவிடலாமா?

போலீஸ் ஸ்டேஷனிலும் வனத்துறையிலும் கேளுங்கள்.

நாமக்கல் (மூன்றாம் முறை): அண்ணா, இன்ஜினையே ஆஃப் செய்து இறக்கினால்?

பவர் ஸ்டியரிங் போகும், பிரேக் பூஸ்டர் இரண்டு மூன்று மிதியில் காலியாகும், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் வாய்ப்பு. தயவுசெய்து பஸ்ஸில் போங்கள், சேலத்திலிருந்து நிறைய பஸ் இருக்கிறது.

தர்மபுரி: ஊருக்குக் கொண்டுபோக என்ன வாங்கலாம்?

மிளகும் காபித்தூளும். காபித்தூளில் சிக்கரி எத்தனை பங்கு என்று கேட்டு வாங்குங்கள், உங்கள் எதிரேயே வறுத்த கொட்டையை அரைத்துக் கொடுக்கும் கடையாகப் பாருங்கள். கீழே இறங்கியதும் பசித்தால் சேலத்தில் தட்டுவடை செட். பீட்ரூட், கேரட், வெங்காயத் துருவல், இரண்டு சட்னி, நடுவில் வைத்து மேலே இன்னொரு தட்டுவடை. வண்டிக்குள் உட்கார்ந்து சாப்பிட்டால் சீட் நாசம், கடை வாசலில் நின்று சாப்பிடுங்கள்.

நாளை விடியற்காலை சவாரி இருக்கிறது. பாக்கிக் கேள்விகளுக்குத் திரும்பி வந்து பதில் போடுகிறேன், இ-பாஸ் கேள்விகளுக்குத் தவிர.