எல்சிடி டிவியில் சத்தம் வருகிறது, படம் வரவில்லை: என்ன பழுது?

சத்தம் சரியாகக் கேட்டு, திரை மட்டும் கறுப்பாக இருந்தால் உடனே பேனல் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, டிவி ஓடிக்கொண்டிருக்கும்போதே டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மங்கலாக உருவங்கள் அசைவது தெரிகிறதா? அப்படியென்றால் படம் உருவாகிறது, பின்னால் இருந்து வெளிச்சம் தரும் பேக்லைட்தான் எரியவில்லை. எல்சிடி தானாக ஒளிராது, அதனால்தான் இப்படி. பேக்லைட்டில் எல்இடிகளைத் தொடராக இணைத்திருப்பார்கள் என்பதால் ஒரே ஒரு எல்இடி போனாலும் அந்த வரிசை முழுக்க அணைந்துவிடும், பல டிவிகளில் மொத்த வெளிச்சமுமே நின்றுவிடும். பெரும்பாலும் அந்த எல்இடிகள் பதித்த பட்டையை மாற்றினால் போதும், பேனலை மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நெடுக்குக் கோடு விழுந்தால் வேறு கதை. ரிமோட்டில் மெனுவை வரவழையுங்கள். அதன் மேலும் கோடு ஓடினால் கோளாறு டிவிக்குள்ளேயே, பெரும்பாலும் பேனல் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய ரிப்பன் இணைப்பில். மெனு சுத்தமாகத் தெரிந்தால் எச்டிஎம்ஐ கேபிளையும் செட்டாப் பாக்ஸையும் மாற்றிப் பாருங்கள்.

அப்புறம், பின்மூடியை நீங்களே கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் போர்டில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கலாம்.