பொலிவியா: லா பாஸில் நேரே இறங்கலாமா?

60 வயது அம்மாவோடு 10 நாள் பொலிவியா போகிறோம், முதலில் லா பாஸில் இறங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அந்த விமான நிலையம் பக்கத்து எல் ஆல்டோவில், 4,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. பெட்டியை இழுக்கும்போதே மூச்சு வாங்கும்.

பொலிவியா என்றாலே மலைதான் என்று நினைப்போம். ஆனால் நாட்டின் பாதிக்கு மேல் கிழக்குப் பக்கத் தாழ்நிலம். அங்குள்ள சாந்தா குரூஸில் இறங்குங்கள், சுமார் 400 மீட்டர்தான். அடுத்து சூக்ரே, 2,800 மீட்டர். அரசியல் சட்டப்படி தலைநகரம் இதுதான், அரசாங்கம் நடப்பது என்னவோ லா பாஸில்! இங்கே மூன்று நாளாவது தங்கினால் உடம்பு பழகும். அப்புறம் உயுனி உப்புவெளி, கடைசியில் லா பாஸ். உப்புவெளியில் வானம் பிரதிபலிக்கும் படம் வேண்டுமானால் ஜனவரி முதல் மார்ச் வரை போக வேண்டும். ஆனால் மழையில் சில பாதைகளை மூடிவிடுவார்கள்.

லா பாஸின் மேடு பள்ளங்களில் அம்மாவை நடக்க விடாதீர்கள். 2014 முதல் ஓடும் கேபிள் காரில் ஏற்றிவிடுங்கள். வட்டத் தொப்பியும் அடுக்குப் பாவாடையுமாக அய்மாரா பழங்குடிப் பெண்கள் கடை பரப்பும் எல் ஆல்டோ சந்தை வரை அதிலேயே போகலாம். வியாழன், ஞாயிறுதான் சந்தை.

கோகா இலைத் தேநீர் தருவார்கள், கொக்கெய்ன் என்ற போதைப்பொருள் எடுக்கும் செடியின் இலைதான் அது. அங்கே அது சட்டப்படி சரி, இலையை மட்டும் ஊருக்குக் கொண்டுவராதீர்கள். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் இருந்தால் டிக்கெட் போடுமுன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.