அந்த நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

மகளை எந்தப் படிப்பில் சேர்க்கலாம் என்று என்னிடம் ஆலோசனை கேட்க அன்று நீங்கள் நான்கு பேரும் வந்திருந்தீர்கள்: ஐயா, அம்மா, பள்ளிப் படிப்பை முடித்த மகள், கூடவே அவளுடைய சித்தப்பா. ஒரு மணி நேரத்தில் முக்கால்வாசி பேசியவர் சித்தப்பாதான். "இந்தக் காலத்தில் செயற்கை நுண்ணறிவு எடுக்காதவன் பிழைக்க முடியாது" என்றார். மகள் ஐந்தாறு வாக்கியங்களுக்கு மேல் பேசவில்லை. கிளம்பும் நேரத்தில் அம்மா பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, "படிக்கிற நேரத்தில் இதைத்தான் கிறுக்கிக்கொண்டிருக்கிறாள், நீங்களாவது கேளுங்கள்" என்று என்னிடம் நீட்டினீர்கள்.

நானும் பொதுவாக நாலு ஆறுதல் வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டேன். அது தப்பு என்று இரவு அந்த நோட்டைப் படித்தபோது புரிந்தது. அதனால் இப்போது நேராகவே எழுதுகிறேன்.

ஒரு செயலியில் சேர ஒரு தட்டு போதும், விலக ஏழு திரை தாண்ட வேண்டும் என்று படம் போட்டு எண்ணி வைத்திருக்கிறாள். 'வேண்டாம்' என்ற பொத்தான் மட்டும் ஏன் வெளிறிப்போய் இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். தாத்தா கைபேசியில் எந்த இடத்தில் விரலை அந்தரத்தில் நிறுத்தித் தயங்குகிறார் என்று குறித்திருக்கிறாள். தம்பி வீடியோ பார்ப்பதைப் பற்றி ஒரு வரி: "அடுத்ததைப் பார்க்க அவன் எதுவும் செய்ய வேண்டாம், நிறுத்தத்தான் ஏதாவது செய்ய வேண்டியிருக்கிறது." பல வருடம் வேலை பார்த்தவர்கள்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லி நான் கேட்டது குறைவு.

இதைக் கிறுக்கல் என்று ஒதுக்காதீர்கள். அவள் முதல் பக்கத்தில் வரைந்திருக்கும் தந்திரங்களுக்கு 2010இல் ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர் 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர் வைத்தார். ஆன்லைன் தளங்கள் இப்படி ஆட்களை ஏமாற்றித் திருப்பிவிடக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் சட்டமே போட்டது. விரல் தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் நீளும் பக்கத்தை 2006இல் உருவாக்கிய வடிவமைப்பாளர் ஏசா ரஸ்கின், பிற்பாடு அதற்காக வெளிப்படையாக வருந்தினார். 2018இல் மனித இயல்பை மதிக்கும் தொழில்நுட்பத்துக்காக ஓர் அமைப்பு தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். உங்கள் மகள் யாரும் சொல்லித்தராமல் அந்த இடத்துக்கு வந்து நிற்கிறாள்.

சித்தப்பா சொல்லும் படிப்பு மோசமானது என்று நான் சொல்லவில்லை. அது இயந்திரத்தை வேலை செய்ய வைப்பது எப்படி என்று கற்றுத்தரும். இவளுடைய கேள்வியோ அந்த இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பற்றியது. சொந்தக்காரர்கள் மெச்ச வேண்டும் என்பதற்காக நான்கு வருடம் அவளை அங்கே உட்கார வைத்தால், இப்போது இருக்கும் இந்தக் கூர்மை மழுங்கிப்போகும். இதை நான் உறுதியாகவே சொல்கிறேன்.

அவளுக்கான பாதை மனித-கணினி ஊடாட்டம், அதாவது ஆட்கள் கணினியையும் கைபேசியையும் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்து, அதற்கேற்ப அவற்றை வடிவமைக்கும் துறை. இன்டராக்ஷன் டிசைன், பயனர் ஆய்வு என்றெல்லாம் வேலை விளம்பரங்களில் வரும். அழகாகப் படம் வரையும் படிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அஸ்திவாரம் உளவியல்தான். கவனம் எப்படிச் சிதறுகிறது, பழக்கம் எப்படி ஒட்டிக்கொள்கிறது, ஒரே நேரத்தில் எத்தனை விஷயங்களை மனதில் வைத்திருக்க முடியும் என்பதிலிருந்து தொடங்கும். எப்போது தீனி விழும் என்று தெரியாதபோதுதான் விலங்குகள் விடாமல் நெம்புகோலை அழுத்தின என்று உளவியலாளர் ஸ்கின்னர் ஆய்வுகளில் கண்டார். கைபேசித் திரையை இழுத்து இழுத்துப் புதுப்பிக்கும் பழக்கம் அதே வழியில்தான் உருவாகிறது. இதைத் தெரிந்துகொண்டவர் அந்தப் பலவீனத்தைப் பயன்படுத்தவும் முடியும், அதற்கு வேலி போடவும் முடியும்.

வேலி போடுவது எப்படி? அறிவிப்புகளைக் கண்ட நேரத்தில் அனுப்பாமல் சேர்த்துவைத்து ஒருமுறை காட்டலாம். வீடியோ தானாக ஓடுவதை ஆரம்பத்திலேயே அணைத்து வைத்துவிட்டு, வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும் என்று விடலாம். ஆரம்ப அமைப்பைப் பெரும்பாலானோர் மாற்றுவதே இல்லை, அதனால் இந்தச் சின்ன முடிவுக்குப் பெரிய பலம் உண்டு. 'இன்றைக்கு இவ்வளவுதான்' என்று பக்கம் ஓரிடத்தில் முடியலாம். 1995லேயே கணினித் துறை ஆய்வாளர்களான மார்க் வைசரும் ஜான் சீலி பிரவுனும் 'அமைதியான தொழில்நுட்பம்' என்று எழுதினார்கள்: கருவி தேவைப்படும்போது முன்னால் வர வேண்டும், மற்ற நேரம் கண்ணோரத்தில் ஒதுங்கியிருக்க வேண்டும்.

நாள்தோறும் செய்யும் வேலை என்று பார்த்தால், பாதி நேரம் அடுத்தவர் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான். திரைகளைக் காகிதத்தில் வரைந்து ஒருவர் முன் வைப்பார்கள். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லி, எங்கே தடுமாறுகிறார் என்று குறிப்பார்கள். ஐந்து பேரிடம் இப்படிச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும் என்பது இந்தத் துறை வல்லுநர் ஜேக்கப் நீல்சனின் புகழ்பெற்ற வாதம். மருத்துவக் கருவிகள், வங்கிச் செயலிகள், அரசுப் படிவங்கள், பார்வையற்றோரும் பயன்படுத்தும் தளங்கள் என்று இதற்கு ஆள் தேவைப்படும் இடங்கள் நிறைய.

ஒன்றை மறைக்க மாட்டேன். பல நிறுவனங்களில் ஜனங்கள் திரையில் கழிக்கும் நேரம்தான் வெற்றியின் அளவுகோல். இவள் 'இது கூடாது' என்று சொல்ல வேண்டிய கூட்டங்கள் வரும், சில நாள் தோற்றுத்தான் வீடு திரும்புவாள். முதல் வேலை கிடைக்கவும் கொஞ்சம் தாமதமாகலாம்.

செலவு விஷயத்தில் மட்டும் என்னிடம் சலுகை கிடையாது. சேமிப்பைக் கரைத்தோ, பெரிய கடன் வாங்கியோ எந்தப் படிப்பிலும் சேர்க்காதீர்கள், நான் சொல்லும் இந்தப் படிப்பாகவே இருந்தாலும் சரி. 'ஆறே மாதம், வேலைக்கு உத்தரவாதம்' என்று சான்றிதழ் விற்பவர்களுக்குப் பணம் கட்டவே வேண்டாம். கட்டணம் குறைவான கல்லூரியில் உளவியல் பட்டம் படித்து, பக்கத்திலேயே வடிவமைப்பையும் கொஞ்சம் புள்ளியியலையும் கற்றுக்கொண்டால் போதும். இந்தத் துறையில் ஆளெடுப்பவர்கள் கேட்பது செய்துகாட்டிய வேலைகளின் தொகுப்பை. அதற்குக் காகிதமும் பென்சிலும் பொறுமையும்தான் முதலீடு.

அந்தத் தொகுப்பு அவளிடம் பாதி தயாராக இருக்கிறது. இந்த விடுமுறையில் நோட்டிலிருந்து மூன்று பக்கங்களை அவளே தேர்ந்தெடுக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் தான் நினைக்கும் மாற்று வடிவத்தை வரையட்டும். வெவ்வேறு வயதுள்ள ஐந்து பேரிடம் கொடுத்து, உதவி செய்யாமல் பார்த்து, மறுபடி வரையட்டும். தாத்தாவும் தம்பியும் வீட்டிலேயே இருக்கிறார்கள், இன்னும் மூன்று பேர்தான் வேண்டும். ஆறு வாரம் கழித்து வாருங்கள். அன்று அவள் பேசி முடிக்கும்வரை நாம் யாரும் குறுக்கிட வேண்டாம், சித்தப்பாவிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது, நாளைக்கே அவளை அனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.