ஒரே ஒரு கித்தார்தான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது?

கேள்வி: வணக்கம் ஐயா. சுங்கை சிப்புட்டுக்கு அருகில் உள்ள ஒரு தோட்டத்தில் பிறந்தவன் நான். இப்போது பட்டணத்துத் தாமான் ஒன்றில் குடியிருக்கிறேன். நண்பர்கள் ஐவர் சேர்ந்து கல்யாண விருந்துகளிலும் கோயில் திருவிழாக்களிலும் வாசிக்கிறோம். பழைய தமிழ்த் திரைப்பாடல்கள், 80களின் மலாய் ராக் பாடல்கள், நேரம் இருந்தால் கொஞ்சம் புளூஸ் என்று போகும். ஆம்ப் (ஒலிபெருக்கி) குழுவிடம் இருக்கிறது. கித்தார் மட்டும் இதுவரை இரவல்தான். இப்போது 2,000 வெள்ளி சேர்த்து வைத்திருக்கிறேன். டெலிகாஸ்டர், ஸ்ட்ராட்டோகாஸ்டர், லெஸ் பால் ஆகிய மூன்று மின்கித்தார் வகைகளில் எது நல்ல ஒலி தரும், கைக்கு இதமாக இருக்கும், எல்லாப் பாட்டுக்கும் ஒத்துவரும்? நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: தம்பி, அவரவர் விரும்பி வாசிக்கும் பாட்டை வைத்து உங்கள் நண்பர்கள் சொல்வதால் ஆளுக்கொன்று சொல்லத்தான் செய்வார்கள். உங்கள் குழு ஒரே இரவில் மூன்று வகைப் பாட்டை வாசிக்கிறது. ஆகவே ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவில் செய்யப்பட்டு, உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் பக்கத்தில் மட்டும் ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பாகம்) பொருத்திய கித்தாரே உங்களுக்குப் பொருந்தும் என்பது என் முடிவு. முடிவை மட்டும் சொல்லி நிறுத்தினால், கடைக்காரர் பளபளப்பான வேறொன்றைக் கையில் கொடுத்ததும் மனம் தடுமாறிவிடும். ஆகவே காரணங்களையும் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் கைக்குத் தெரியும் வேறுபாட்டைப் பார்ப்போம். ஃபெண்டர் நிறுவனத்தின் டெலிகாஸ்டரிலும் ஸ்ட்ராட்டோகாஸ்டரிலும் தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை அதிரும் தந்தியின் நீளம் 25.5 அங்குலம். கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பாலில் அது 24.75 அங்குலம். முக்கால் அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் ஒரே தடிமனுள்ள தந்தியை ஒரே சுருதிக்கு ஏற்றும்போது, நீளம் கூடிய கித்தாரில் இழுவிசை ஏறக்குறைய 6 விழுக்காடு அதிகமாகிறது. இதனால் ஃபெண்டர் வகையில் தந்தி விறைப்பாக நின்று ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகத் தெறித்து விழுகிறது. லெஸ் பாலில் தந்தி விரலுக்கு இணங்கி வளைகிறது. கமகம்போலத் தந்தியை இழுத்து வாசிக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இந்த வேறுபாட்டை முதல் ஐந்து நிமிடத்திலேயே உணர்வீர்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டரே வேண்டும், தந்தியும் இளகலாக இருக்க வேண்டும் என்றால் 0.009 அங்குலத்தில் தொடங்கும் மெல்லிய தந்திக் கட்டைப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது பிக்கப். டெலிகாஸ்டரிலும் ஸ்ட்ராட்டோகாஸ்டரிலும் இருப்பவை ஒற்றைச் சுருள் பிக்கப்புகள். காந்தத்தைச் சுற்றிய அந்தக் கம்பிச் சுருள் தந்தியின் அதிர்வை எடுப்பதோடு, நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் சேர்த்து எடுத்துவிடும். பழைய பாலாய் ராயா (சமூக மண்டபம்) ஒன்றில் டெலிகாஸ்டர் வாசித்த ஒருவர், பாட்டு முடிந்ததும் குழல்விளக்குக்கு நேராக நில்லாமல் உடம்பைச் சுவர்ப்பக்கம் கால் வட்டம் திருப்பிக்கொள்வதைக் கவனித்திருக்கிறேன். அப்படித் திரும்பியதும் ஆம்பில் கேட்ட ‘உம்’ என்ற ஓசை பாதியாக அடங்கும். இந்த இரைச்சலைப் போக்குவதற்காகவே கிப்சனில் பணியாற்றிய சேத் லவர் என்ற பொறியாளர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து ஹம்பக்கரை வடிவமைத்தார். 1957-ஆம் ஆண்டு முதல் லெஸ் பாலில் அதுவே இடம்பெற்றது. இரைச்சல் நீங்கியதோடு ஒலியும் தடித்து, கனத்து, ஆம்பை எளிதில் முறுக்கேற்றும் வலிமை பெற்றது. அதற்கு ஈடாக, ஒற்றைச் சுருளுக்கே உரிய மேல்சுரங்களின் பளிச்சென்ற கூர்மை கொஞ்சம் மழுங்கியது.

இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் மூன்று கித்தார்களின் குணமும் எளிதில் விளங்கும்.

டெலிகாஸ்டர் மூத்தது. 1950-இல் பிராட்காஸ்டர் என்ற பெயரில் வந்தது. அதே ஒலிப்புள்ள பெயரில் வேறொரு நிறுவனம் டிரம் விற்றுக்கொண்டிருந்ததால் 1951-இல் டெலிகாஸ்டர் ஆனது. ஒரே பலகை, நான்கு திருகுகளால் பூட்டிய கழுத்து, இரண்டு பிக்கப், அவ்வளவுதான். அதன் பிரிட்ஜ் பிக்கப் உலோகத் தகட்டின் நடுவே சாய்வாகப் பதிக்கப்பட்டிருப்பதால் வெண்கல மணியைத் தட்டியதுபோன்ற ஒலி வரும். ஐந்து பேர் சேர்ந்து வாசிக்கும்போது, கீபோர்டுக்கும் டிரம்முக்கும் நடுவே தாளம் தட்டும் கித்தார் ஒலி அமுங்கிப் போகாமல் கேட்க வேண்டுமானால் டெலிகாஸ்டருக்கு இணை இல்லை. நீங்கள் முழுக்க முழுக்கத் தாளக் கித்தார் வாசிப்பவராக இருந்தால் அதையே வாங்குங்கள் என்று தயங்காமல் சொல்லியிருப்பேன்.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954-இல் வந்தது. விலா எலும்பில் இடிக்காதபடி பின்புறம் செதுக்கப்பட்ட உடல், மூன்று பிக்கப், சுரத்தை நெளிக்கும் கைப்பிடி ஆகியவை அதன் சிறப்பு. தொடக்கத்தில் அதன் சுவிட்சில் மூன்றே நிலைகள் இருந்தன. வாசிப்பவர்கள் அந்தச் சுவிட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவே நிறுத்தி, இரண்டு பிக்கப் ஒருசேர ஒலிக்கும் ஒரு குழைவான ஒலியைத் தாங்களே கண்டுபிடித்தார்கள். நிறுவனம் 1977-இல்தான் ஐந்து நிலைச் சுவிட்சைப் பொருத்தியது. பழைய தமிழ்த் திரைப்பாடல்களில் ஒவ்வொரு தந்தியாக உருட்டி வாசிக்கும் தெளிந்த பகுதிகளுக்கு அந்த நடுநிலை ஒலி மிக நன்றாகப் பொருந்துகிறது. இப்போது செய்யப்படும் பெரும்பாலான ஸ்ட்ராட்டோகாஸ்டர்களில் நடுப்பிக்கப் எதிர்த்திசையில் சுற்றப்பட்டிருப்பதால், அந்த நிலைகளில் இரைச்சலும் அடங்கிவிடும். ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். கைப்பிடிக்காகப் பிரிட்ஜ் பின்னால் உள்ள ஸ்பிரிங்குகளின் பிடியில் மிதந்துகொண்டிருக்கும். விருந்தின் நடுவில் ஒரு தந்தி அறுந்தால், இழுவிசைச் சமன் குலைந்து மற்ற ஐந்து தந்திகளும் சுருதி விலகிவிடும். பிரிட்ஜ் உடலோடு ஒட்டி உட்காரும்படி ஸ்பிரிங்குகளை இறுக்கித் தரும்படி கடையிலேயே கேளுங்கள்.

லெஸ் பால் 1952-இல் வந்தது. மகாகனிப் பலகையின் மேல் மேப்பிள் மரம் ஒட்டி, கழுத்தைப் பசையால் இணைத்துச் செய்வார்கள். மலாய் ராக் பாடல்களின் தனிவாசிப்புக்கு, சுரம் நீண்டு நின்று பாட வேண்டிய இடத்தில், இதன் ஒலிதான் நெஞ்சை நிறைக்கும் என்பதை மனதார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான்கு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் விருந்தில் கேக் வெட்டி முடியும்வரை நிற்கப்போவது நீங்கள். கழுத்து உடலோடு சேரும் இடம் தடித்திருப்பதால், உடலை ஒட்டிய மேல் ஃபிரெட்டுகளுக்கு (கழுத்தில் பதித்த உலோகக் கட்டைகள்) விரல் செல்வதும் கடினம். தலைப்பகுதி 17 பாகை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், ஸ்டாண்டிலிருந்து சாய்ந்து விழுந்தால் கழுத்து அந்த இடத்திலேயே முறியும். ஒரு கல்யாண மண்டபத்தில் குழந்தையின் பலூன் நூல் சிக்கி ஸ்டாண்டு சரிந்ததையும், தலை தந்திகளில் மட்டும் தொங்கியதையும் கண்ணால் கண்டிருக்கிறேன். பசையிட்டுச் சரிசெய்யலாம்; ஆனால் அந்தக் கித்தாரை வைத்திருந்த பிள்ளையின் முகம் இன்றும் நினைவில் இருக்கிறது.

இந்த மூன்றைத் தவிர கிப்சனின் வேறு இரண்டும் உண்டு. 1961-இல் லெஸ் பாலின் வடிவத்தை மாற்றி வந்த எஸ்ஜி எடை குறைவு, மேல் ஃபிரெட்டுகளுக்கும் கை எளிதில் செல்லும். 1958-இல் வந்த இஎஸ்-335 பாதி உள்ளீடற்ற உடலுடன் புளூஸுக்கு அருமையாக ஒலிக்கும், ஆனால் உருவம் பெரிது. இரண்டுமே நல்லவை, ஆனால் உங்கள் பாட்டுப் பட்டியலுக்கு முதல் தேர்வுகள் இல்லை.

ஆகவேதான் பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர், மற்ற இரண்டும் ஒற்றைச் சுருள் என்ற அமைப்பைச் சொன்னேன். சுவிட்சை ஒரு பக்கம் தள்ளினால் ராக் தனிவாசிப்பு, மறுபக்கம் தள்ளினால் திரைப்பாட்டு. அசல் லெஸ் பாலின் முழு ஆழமும் இதில் வராது. ஆனால் நடுவில் கித்தாரை மாற்றாமல் ஓர் இரவை ஒப்பேற்ற இதைவிட நல்ல வழி உங்கள் தொகைக்குள் இல்லை. யமாஹா பசிஃபிகா 112வி இந்த அமைப்பில்தான் வருகிறது. டோன் குமிழை மேலே இழுத்தால் ஹம்பக்கரின் ஒரு சுருள் மட்டும் ஒலிக்கும். ஃபெண்டரின் துணைப் பெயரான ஸ்குவையரிலும் இந்த அமைப்பு உண்டு. கடைக்குக் கடை விலை மாறுவதால் இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள். மொத்தத் தொகையையும் கித்தாரிலேயே போட்டுவிடாமல் முந்நூறு வெள்ளியையாவது ஒதுக்கிவையுங்கள். நல்ல பை, உறுதியான ஸ்டாண்டு, தந்தி, சீரமைப்புக் கூலி எல்லாம் அதில் அடங்கிவிடும்.

வாங்கும் நாளில் ஈப்போவுக்கு நேரில் போங்கள். ஆம்பில் இணைப்பதற்கு முன்பு வெறுமனே மீட்டிப் பாருங்கள். தடித்த ஆறாம் தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒருசேர அழுத்திக்கொண்டு, ஏழாவது ஃபிரெட்டுக்கு மேல் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். ஒரு முகவரி அட்டை நுழையும் அளவு போதும். கழுத்தின் இரு ஓரங்களிலும் விரலை ஓட்டிப் பாருங்கள்; ஃபிரெட் முனை கீறினால் வேறொன்றைக் கேளுங்கள். ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டையும் அழுத்தி மீட்டுங்கள். நேரம் எடுக்கும், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, பணம் உங்களுடையது. வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு வாரம் கழித்துத் தந்தி உயர்ந்ததுபோலத் தோன்றினால் பயப்பட வேண்டாம். குளிரூட்டிய கடையிலிருந்து தகரக் கூரையின் கீழ் வந்த மரம் நம் ஈரக் காற்றுக்குப் பழகுகிறது. கழுத்துக்குள் இருக்கும் கம்பியைக் கால் சுற்றுத் திருப்பினால் சரியாகிவிடும்; முதல் முறை தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, என் நண்பரின் நண்பர் கிப்சன் லெஸ் பால் என்று தலையில் பொறித்த பழைய கித்தார் ஒன்றை 1,800 வெள்ளிக்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? (பீடோர் வாசகர்)

பதில்: பெயருக்காக வாங்க வேண்டாம். அமெரிக்காவில் செய்யப்படும் லெஸ் பால் ஸ்டாண்டர்டு புதிதாகப் பத்தாயிரம் வெள்ளியைத் தாண்டும் பொருள். அதை வைத்திருப்பவருக்கும் அதன் மதிப்பு தெரிந்திருக்கும். இளவயதில் நானும் ஒரு கடையில் தலையில் இருந்த பெயரை நம்பிப் பணம் கொடுத்து, பிறகு அது போலி என்று தெரிந்து, திருப்பித் தர மாட்டோம் என்ற பதிலோடு வீடு திரும்பியவன். அந்த வலி இன்னொருவருக்கு வேண்டாம் என்றே அழுத்திச் சொல்கிறேன். தலையில், கழுத்துக் கம்பியின் துளையை மூடியிருக்கும் மணி வடிவத் தகட்டைப் பாருங்கள். அசல் கிப்சனில் அதற்கு இரண்டு திருகுகள். போலிகளில் பெரும்பாலும் மூன்று. கழுத்து உடலோடு நான்கு திருகுகளால் பூட்டப்பட்டிருந்தால் அது அசல் கிப்சன் லெஸ் பாலே இல்லை. எப்பிஃபோன் என்ற பெயரில் வரும் லெஸ் பால் வேறு கதை. அந்த நிறுவனம் 1957 முதல் கிப்சனுக்கே சொந்தமானது. நல்ல நிலையில் உள்ள பழைய எப்பிஃபோன் அந்த விலைக்குக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரமாக விற்பவரிடம் வாங்கும் பொருளுக்கே பொருந்தும். கடையில் வாங்கியிருந்தால், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று எழுதி ஒட்டியிருந்தாலும் குறையுள்ள பொருளுக்கு நீங்கள் ஈடு கேட்கலாம். 5 வெள்ளி கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமல், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் பதியலாம். வியாபாரி அல்லாத நண்பரின் நண்பரிடம் வாங்கினால் அந்த வழி உங்களுக்கு இல்லை.

கேள்வி: மகனின் கித்தாரில் மாற்றும் தந்திகள் இரண்டே வாரத்தில் துருப்பிடித்துவிடுகின்றன. மட்டமான தந்தியா? (தெலுக் இந்தான் வாசகி)

பதில்: தந்தியைக் குறை சொல்ல முடியாது, அம்மா. வியர்வையின் உப்பும் நம் ஊர் ஈரப்பதமும் சேர்ந்து செய்யும் வேலை அது. வாசிப்பதற்கு முன் கை கழுவச் சொல்லுங்கள். முடித்ததும் பழைய பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் மேலும் கீழுமாகத் துடைக்கச் சொல்லுங்கள். சமையலறைச் சுவரில் மாட்டாமல் பைக்குள் இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். அப்படியும் துரு பிடித்தால் மேற்பூச்சு உள்ள தந்தியை வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் சாதாரணத் தந்தியைவிட நெடுநாள் வரும். மெல்லிய மூன்று தந்திகள்தான் முதலில் கறுக்கும். அவை கறுத்ததும் அவற்றை மட்டும் மாற்றாமல் ஆறையும் ஒன்றாக மாற்றுங்கள், இல்லையேல் பாதி மங்கலாகவும் பாதி பளிச்சென்றும் ஒலிக்கும்.